சந்தனம் வைத்த பட்டன்

2003 செப்டம்பர் 9, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேங்குக்குப் போனால் பாதிப் பேர் வரவில்லை. "சகுந்தலா தீதி, இந்த மழையில நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று மேனேஜர் கேட்டார். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் வந்தேன் என்று அவரிடம் சொல்லவா முடியும்?

வீட்டுக்காரருக்குக் கையில் கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகப்போகிறது. ஜூன் மாதம் ஹவுரா பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் தகடு சரிந்து வலது மணிக்கட்டில் வெட்டியது. யார் தப்பும் இல்லை, இவர் தப்பும் இல்லை. நரம்பைத் தைத்தாயிற்று. "நாங்க செய்யறதைச் செஞ்சாச்சு, இனி அவர்தான் அசைக்கணும்" என்கிறார் டாக்டர். ஜனவரியில் பார்த்துவிட்டு, வேலைக்குத் திரும்பலாமா, கை இவ்வளவுதானா என்று சொல்வாராம்.

அசைத்தால்தானே! பிசியோ கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது. எடுத்துக் கையில் வைத்தால் உருண்டு விழுகிறது. "விடு சகுந்தலா" என்கிறார். அவ்வளவுதான் பேச்சு.

இடது கையால் சாப்பிட மாட்டாராம். ஸ்பூனும் வேண்டாமாம். நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். எனக்கு அது பாரமா? சத்தியமா இல்லை. ஆனா வாயைத் திறக்கறப்ப கண்ணை மூடிக்கறாரு. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அண்ணன் மஹாதேவன் வந்திருந்தான். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஆறுதல் எல்லாம் கொண்டுவந்தான். நான் காபி கலக்க உள்ளே போன நேரத்தில் இவர் அவனிடம் சொல்கிறார்:

"மச்சான், இவளைக் கூட்டிட்டுப் போய் உங்க வீட்டுல வச்சுக்குங்க. என்னோட கிடந்து இவ ஏன் சீரழியணும்?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டம்ளரை டீப்பாய் மேல் டொக்கென்று வைத்த வேகத்தில் காபி பாதி சிந்தியது.

பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம். பிள்ளை இல்லைன்னு ஊரே துக்கம் விசாரிச்சப்பக்கூட இந்த மனுஷன் என்னைப் போன்னு சொன்னதில்லை. இப்ப ஒரு கை வரலைன்னதும் போயிடுவேனா? என்னைப் பத்தி என்னதான் நினைச்சுக்கிட்டிருக்காரு? அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமா வருது.

ராத்திரி சாதம் ஊட்டும்போது கொஞ்சம் பெரிய உருண்டையாகவே ஊட்டினேன். இருக்கட்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

ஒர்க்‌ஷாப் நண்பர்கள் விஸ்வகர்மா பூஜைப் பிரசாதம் கொண்டுவந்தார்கள். தூங்குகிறார் என்று பொய் சொல்லி அனுப்பினேன். சுவர்ப் பக்கம் திரும்பி முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

செப்டம்பர் 27, சனி

வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. பாட்டாவது கேட்கட்டும் என்று டிவிக்குக் கீழே இருக்கிற எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டியைத் தூசி தட்டினேன். போன வருஷம் கிதிர்பூர் சந்தையில் செகண்ட்ஹேண்டாக வாங்கிவந்தது. கறுப்பாக, அம்மிக்கல் கனம். "நாற்பது வயசுல கார் ரேஸா?" என்று அப்போது நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. வாங்கின வாரமே திறந்து உள்ளே ஒரு சிப்பைப் பற்றவைத்தார். ரயில் பெட்டிக்கு வைத்தியம் பார்க்கிற கைக்கு இது ஒரு வேலையா?

அது செய்கிற வேலையை எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய புரோகிராம் ஒன்று பெட்டிக்குள் இருக்கும். அது ரொம்ப ஆசாரம், அசல் டிஸ்க் தவிர எதையும் தொடாது. சிப்பில் இருப்பதோ பாட்டு, படம், நகல் டிஸ்க் எதைக் கொடுத்தாலும் ஓட்டும். சிப்புக்குள் இரண்டு பேங்க், தனித்தனி அறை மாதிரி. முதல் பேங்கில் நன்றாக ஓடுகிற புரோகிராம். புதுசாக ஏதாவது வந்தால் இரண்டாவது பேங்கில் எழுதிப் பார்ப்பார். சொதப்பினால் பின்பக்கம் இருக்கிற குட்டி ஸ்விட்சைத் தள்ளிவிட்டு முதலுக்கே வந்துவிடலாம். "ஓடறதைத் தொடாதே, இன்னொண்ணுல விளையாடு" என்பார். "நான் மாரடிக்கிற பேங்க் ஒண்ணு போதாதுன்னு வீட்டுக்குள்ள ரெண்டு வேறயா?" என்று கேட்டதற்கு அப்படிச் சிரித்தார்.

இன்றைக்கு பட்டனை அழுத்தினேன். டிவியில் கம்பெனி புரோகிராமின் முகப்பு, அந்தக் கம்பெனிப் படம்தான் வந்தது, பாட்டைக் காணோம். மறுபடி அழுத்தினேன். அதே கதை. உள்ளே இருந்து இவர் குரல்:

"தட்டிட்டு விட்டுடு. பிடிச்சுக்கிட்டே நிக்காதே. பிடிச்சா கம்பெனி, தட்டினா சிப்."

தட்டினேன், விட்டேன். பாட்டு வந்தது. அவராக வாய் திறந்து பேசி எத்தனை நாளாச்சு! அதற்காகவே இன்னும் நாலு தடவை தப்பாக அழுத்தலாமா என்று தோன்றியது.

அக்டோபர் 4, சனி

ஆயுத பூஜை. தெரு முழுக்க டாக் மேளச் சத்தம், பந்தல், கூட்டம். நம் வீட்டில் மட்டும் இழவு வீடு போல.

வருஷா வருஷம் டூல் பாக்ஸை இவரே துடைத்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பார். இந்த வருஷம், "எந்தக் கைக்கு ஆயுதம்? தூக்கிப் பரண்ல போடு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! டூல் பாக்ஸைத் துடைத்தேன். அரிவாள்மணை, என் பேனா, மிக்ஸி, கடைசியில் அந்த எக்ஸ்பாக்ஸ், எல்லாவற்றையும் கொண்டுபோய் சாமி முன்னால் வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து கை கொண்ட மட்டும் அப்பினேன். இவர் கையால் ஆகிவந்த பெட்டி என்று அதற்கு மட்டும் மூக்கு, முகம், பட்டன் என்று தாராளமாகவே வைத்தேன். ஆத்தா, இந்தக் கையைத் திருப்பிக் குடு. வேற ஒண்ணும் கேக்கலை.

நாளை வரைக்கும் எதையும் எடுக்கக் கூடாது.

அக்டோபர் 5, ஞாயிறு

விஜயதசமி. பூஜை எடுத்து, பேனாவால் ஒரு வரி எழுதி, மிக்ஸியை ஒரு சுற்று ஓட்டி, பெட்டியில் பாட்டுப் போடலாம் என்று பட்டனைத் தட்டினால் கம்பெனிப் படம். மறுபடி தட்டினேன். கம்பெனிப் படம். டிஸ்க்கைப் போட்டேன். இதெல்லாம் எனக்குப் புரியாது என்று கையை விரித்துவிட்டது.

"பிடிக்காதேன்னு சொன்னேன்ல?" உள்ளேயிருந்து.

"பிடிக்கலைங்க! தட்டினேன், விட்டேன்!"

எழுந்து வந்துவிட்டார். அறையை விட்டு ஹாலுக்கு! இடது கையால் அவரே தட்டினார். கம்பெனிப் படம். முகம் சுருங்கியது. "முதல் பேங்க் போயிடுச்சு போல" என்றார். பின்னால் ஸ்விட்சைத் தள்ளி இரண்டாவது பேங்கைப் பார்த்தார். அதுவும் கம்பெனிப் படம்.

ஆசையாக ஒன்று செய்யப்போய் இதையும் கெடுத்தேனா?

அக்டோபர் 7, செவ்வாய்

பேங்கிலிருந்து வந்ததும் வராததுமாக, "உட்காரு, திறக்கணும்" என்கிறார். காபிகூடக் குடிக்கவில்லை நான். பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ரப்பர் காலை உரித்தால் அதற்குள் திருகு ஒளிந்திருக்கிறது. என் கையில் ஸ்க்ரூடிரைவர், அவர் வாயில் உத்தரவு.

"இடது பக்கம் திருப்பு... இடது பக்கம்னா உன் இடது பக்கம்மா... ஐயோ, அந்த ஒயரைப் பிடிச்சு இழுக்காதே தாயே!"

திட்டட்டும். எவ்வளவு வேணும்னாலும் திட்டட்டும்.

சிப்பில் ஒரு குட்டி விளக்கு இருக்கிறது. சிப் வேலை செய்தால் எரியுமாம். எரியவில்லை. ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். பாதி புரிந்தது. தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன்.

அக்டோபர் 11, சனி

இதை எழுதுகிறபோதும் சிரிப்பு அடங்கவில்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஹாலுக்கு வந்தார். "சகு, ரெண்டு பேங்கும் ஒரே நாள்ல சாகாது. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கணும். அதுக்குத்தானே ரெண்டு வச்சிருக்கு. அப்ப கோளாறு பேங்க்ல இல்லை. சிப்பை யாரும் எழுப்பவே இல்லை" என்றார்.

குனிந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தார். மூக்கை வைத்து மோந்தார். இடது விரலால் பட்டனை அழுத்திவிட்டு எடுத்தார். பட்டன் உள்ளேயே நின்றது. அப்புறம் ஆற அமர, மெதுவாக வெளியே வந்தது.

"என்னடி இது?"

"சந்தனம்" என்றேன்.

"ஆயுதத்துக்குப் பொட்டு வைப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். நீ அபிஷேகமே பண்ணியிருக்கியே!"

காய்ந்த சந்தனம் சுற்றிலும் இறுகிப் பட்டன் மேலே வர நேரமாகியிருக்கிறது. நாம் தட்டினாலும் பெட்டிக்குப் பிடித்த கணக்கு. பேங்க் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. சிரிக்க ஆரம்பித்தவர் சோபாவில் சாய்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஜூனுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் இந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். கீழ்வீட்டு வங்காளி அண்ணி ஷிப்ரா பௌதி என்னவோ ஏதோவென்று படியேறி வந்துவிட்டாள்.

பழைய டூத்பிரஷ்ஷால் நான் தேய்த்தேன், அவர் டார்ச் அடித்தார். பட்டனைத் தட்டினேன். பாட்டு.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளி. இங்கே காளி பூஜை. எண்ணெய் தேய்த்துவிட்டேன், புதுச்சட்டை மாட்டிவிட்டேன். சாயங்காலம் கார் ரேஸ் போட்டு உட்கார்ந்தார். கண்ட்ரோலர் மடியில், இடது கை மட்டும் அதன் மேல். வண்டி ஒரே பக்கமாகப் போய் முட்டிக்கொண்டே இருந்தது.

"வலது கையையும் வையுங்களேன்."

"வேண்டாம்."

"சும்மா வையுங்க, அசைக்க வேண்டாம்."

"வேண்டாம்னு சொன்னேன்ல!"

எழுந்து போய்விட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சிரிப்பு வந்துவிட்டால் கையும் வந்துவிடும் என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்லணும்.

நவம்பர் 13, வியாழன்

வீட்டுக்கு வந்தால் டிவியில் கம்பெனிப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். இன்னும் சந்தனம் போகவில்லையா? சனியன் பிடித்த சந்தனம்! மறுபடி டூத்பிரஷ் எடுத்துத் தேய்த்தேன். "பட்டன் திரும்ப ஒட்டுதாங்க?" என்றேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

நவம்பர் 17, திங்கள்

இன்றைக்கும் அதே. ஆனால் பட்டனில் ஒன்றுமே இல்லை. நான் எத்தனை தடவை தட்டினாலும் சிப்தான் வருகிறது. இவர் தட்டினால் மட்டும் எப்படி?

நவம்பர் 20, வியாழன்

தெரிந்துவிட்டது. பேங்கில், கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்தது.

பென்ஷன் வாங்க ஒரு பெரியவர் வந்தார். கையெழுத்துப் போட வராது, கைநாட்டு. மையில் கட்டைவிரலை வைத்தார். தாளில் அழுத்தினார். எடுக்கவில்லை. "எடுங்க தாத்தா" என்றேன். "எடுக்கிறேன் மா, இது சொன்னதைக் கேட்க நேரமாகும்" என்று வங்காளியில் சொல்லிச் சிரித்தார்.

முத்திரையைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் கொடுத்தாள்.

இவர் வலது கையால் அழுத்திப் பார்க்கிறார். நான் வீட்டில் இல்லாத நேரத்தில். விரல் இறங்குகிறது. இறங்கின விரலைத் தூக்க முடியவில்லை. தூக்கி எடுப்பதற்குள் பெட்டி அதைப் பிடித்த கணக்கில் எழுதிக்கொண்டு கம்பெனிப் படத்தைக் காட்டிவிடுகிறது. தினமும் முயற்சி பண்ணி, தினமும் தோற்று, வெறுத்துப்போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். நான் வந்து, போதாக்குறைக்கு, சந்தனத்தைத் திட்டியிருக்கேன். என் ராஜா! என்கிட்டகூடச் சொல்லாம நீ ஒத்தையா கிடந்து மல்லுக்கட்டறியா?

விரல் இறங்குது. அப்ப அசையுது!

சொல்லவே மாட்டேன். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் நிறுத்திவிடுவார். ரோஷக்காரர்.

டிசம்பர் 9, செவ்வாய்

இப்போதெல்லாம் படியேறும்போதே ஊருக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டு வருகிறேன். இருமுகிறேன். பையை ஒவ்வொரு படியிலும் இடிக்கிறேன். அவர் சுதாரித்துக்கொள்ள நேரம் வேண்டுமே. "தினமும் எதுக்கு இப்படி யானை மாதிரி ஏறறே?" என்று ஷிப்ரா பௌதி கேட்டுவிட்டாள். கால் வலி என்றேன். பாவம், தைலம் கொடுத்தனுப்பினாள்.

கம்பெனிப் படத்தைப் பார்த்தால் முன்பு வயிறு எரியும். இப்போது அதைக் காணத்தான் ஓடிவருகிறேன். அது இருந்தால், இன்றைக்கும் விடவில்லை என்று அர்த்தம்.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்றைக்கு டிவி அணைந்திருந்தது. பெட்டி சில்லென்று இருந்தது. கேட்கவும் முடியாது. குளிரில் கை விறைத்திருக்கும், அதுதான், வேறொன்றும் இருக்காது.

டிசம்பர் 17, புதன்

கம்பெனிப் படம்! அப்பாடா.

2004 ஜனவரி 8, வியாழன்

கீழே கேட் திறக்கும்போதே பாட்டுச் சத்தம். முதலில் பௌதி வீட்டு ரேடியோ என்று நினைத்தேன். அங்கே தமிழ்ப் பாட்டு எப்படி வரும்?

இருமவில்லை, பையை இடிக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. டிவி முன்னால் மணை போட்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை, இந்த ஜனவரிக் குளிரில்.

"வந்துட்டியா? நில்லு, அங்கேயே நில்லு."

பெட்டியை அணைத்தார். வலது கையை இடது கையால் தூக்கிப் பட்டன் மேல் கொண்டுபோய் வைத்தார். அப்புறம் இடது கையை எடுத்துவிட்டார். ஆள்காட்டி விரல் நடுங்கியது. இறங்கியது. எழுந்தது.

கம்பெனிப் படம்.

"இரு, இரு. இப்பத்தான் வந்துச்சு. பொய் சொல்லலை" என்றார், மார்க் குறைந்த பிள்ளை மாதிரி.

மறுபடி. இறங்கியது, எழுந்தது. பாட்டு வந்தது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். "ஏய், பெட்டி மேல அழாதே, இப்பத்தான் சந்தனம் போச்சு" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

"எத்தனை நாளா இந்தத் திருட்டுத்தனம்?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"நீ நவம்பர்லேருந்து யானை மாதிரி படியேறறியே, அன்னியிலேருந்துன்னு வச்சுக்க" என்றார்.

தெரிஞ்சிருக்கு! எல்லாம் தெரிஞ்சிருக்கு இந்த மனுஷனுக்கு.

ஜனவரி 21, புதன்

டாக்டர் விரல் விரலாக இழுத்துப் பார்த்தார். முழுசாக வராது, ஆனால் வரும் என்றார். பிப்ரவரியிலிருந்து ரயில்வே ஸ்டோரில் லேசான வேலை கொடுக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். "என்ன பயிற்சி செய்தீங்க?" என்று கேட்டார். நம்ம வீட்டுக்காரர் பன்னீர்செல்வம் அவர்கள் பவ்யமாக, "ரப்பர் பந்துதான் சார்" என்கிறார்! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வரும் வழியில் ஃபெரிப் படகில் உட்கார்ந்து இரண்டு பேரும் வேர்க்கடலை தின்றோம். உரித்தது நான்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்றைக்கு எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்தப் பக்கமே எரிந்துவிடும்.

இரண்டாவது பேங்கில் எழுத ஏதோ புது வெர்ஷன் வந்திருக்கிறதாம். சிப்பில் ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கிறதாம். நான் கரியாஹாட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால் வீடெல்லாம் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். என் புது டீ வடிகட்டியைக் கவிழ்த்து, பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை அவ்வப்போது அதன் மேல் சாய்த்து வைத்திருக்கிறார். வடிகட்டி உருகி, டேபிள் கிளாத்தோடு ஒட்டி, டேபிள் கிளாத் டேபிளோடு ஒட்டி!

"வேற பொருளே கிடைக்கலையா உங்களுக்கு? இது என்ன வீடா, ஒர்க்‌ஷாப்பா?"

"ஒரு வடிகட்டிக்கு இந்தக் கத்தலா? ஸ்டாண்டைக் காணலை, நீதான் எங்கயோ ஒளிச்சு வச்சே!"

"நானா? நானா ஒளிச்சேன்? போன வருஷப் பொங்கலுக்கு நீங்களே பரண்ல தூக்கிப் போட்டதை நான் தேடணுமா?"

"ஆமா, எல்லாத்துக்கும் நான்தான். கப்பல் கவுந்தாலும் நான்தான்!"

அரை மணி நேரம். கீழேயிருந்து பௌதி வந்து கதவைத் தட்டி, "கீ ஹோலோ? என்ன ஆச்சு?" என்றாள். இரண்டு பேரும் ஒரே குரலில் ஒன்றுமில்லை என்றோம். அவள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். டீ போட்டு, வடிகட்ட வழியில்லாமல் தூளோடு குடித்தோம். இன்னும் ஆறவில்லை எனக்கு.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைக்கிறது. கதவைத் திறந்தபோது அயர்ன் அவர் கையில்தான் இருந்தது. எந்தக் கையில்? ஜூனிலிருந்து இவர் தண்ணீர் குடித்தாலும் திரும்பிப் படுத்தாலும் அந்தக் கையைத்தான் முதலில் பார்க்கிறவள் நான். இன்றைக்கு நான் பார்த்தது வடிகட்டியை மட்டும்தான்.

ஹாலைப் பார்த்துக் கேட்டேன், "ஏங்க, காலையில அந்த அயர்னை எந்தக் கையில பிடிச்சிருந்தீங்க?"

ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தெரியலையே" என்றார். "ஏன் கேக்கிற?"

சும்மா என்றேன். நாளைக்கு வடிகட்டி வாங்கணும்.